சீக்கிரம் போன வலி

தம்பிக்கு,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நன்றாக இருக்கிறாய் என்று தெரியும். பாரோயில் நீ வாங்கியிருக்கும் வீட்டுக்குச் சாயம் அடிக்கிற ஆள் நம் கடையில்தான் மல்லித்தூள் வாங்குகிறார். ஹாலுக்கு இளம்பச்சை, அறைகளுக்கு வெள்ளை என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. போனை எடுக்காத மகனைப் பற்றி அம்மா இப்படித்தான் விசாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எடுத்தாலும் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். இதை ஒட்டாமல் ரேணுகாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் அவள். அவளும் படிக்கட்டும். முட்டிவலிக்கு மருந்து தேடி அலைகிற அப்பாவோ மாமனாரோ உள்ள வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் பாதியில் மடித்து வைத்துவிடுவாய். ரேணுகாவின் அப்பா, நம் மம்பாவ் சம்பந்தி, முட்டிவலிக் கேப்சூலை ரப்பர், செம்பனைத் தோட்டங்களுக்குக் கொடுக்கும் வியாபாரத்தை உன் கையில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நீ பேக்டரி வேலையை விட்டுவிட்டு அதில் இறங்கப் போகிறாய். பெட்டிகளைக் கொண்டுவந்து நம் லுக்குட் கடையின் பின்னறையில் அடுக்கியும் வைத்துவிட்டாய். அம்மா சொன்னால் தோட்டத்து ஜனங்கள் நம்பி வாங்குவார்கள் என்று உன் கணக்கு. அந்தக் கணக்கு சரிதான், வாங்குவார்கள். அதனால்தான் நான் விற்க மாட்டேன். அப்பாவின் நெஞ்சு இன்றைக்கு இருக்கிற நிலைக்கும் அந்தக் கேப்சூலுக்கும் தொடர்பு இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். அந்தச் சந்தேகம் எங்கே ஆரம்பித்தது, எங்கெல்லாம் தப்பாகப் போய் முட்டிக்கொண்டது, கடைசியில் எங்கே வந்து நின்றது என்பதை முழுதாகக் கேட்டுவிட்டு, பிறகு கோபப்படு.

சந்தேகப்படுவது என் தொழில், தம்பி. லயத்து வீடுகளுக்கு மோட்டார் சைக்கிளில் மசாலாத்தூள் கொண்டுபோய் விற்ற நாளிலிருந்து அதுதான் நமக்குச் சோறு போடுகிறது. மலிவாக மிளகாய்த்தூள் கொண்டுவந்து இறக்கப் பார்த்தாரே ஒருத்தர், உனக்கு ஞாபகம் இருக்கும், கழுத்தில் தடித்த சங்கிலி, வாய் நிறைய அக்கா அக்கா என்று. முதலில் கொடுத்த மூட்டையும் அதே சிவப்பு, அடுத்த மாதத்து மூட்டையும் அதே சிவப்பு, மழைக்காலத்தில் வந்த மூட்டையும் அதே சிவப்பு. மிளகாய் செடியில் காய்க்கிற பொருள். ஒரு வரத்து கறுத்துச் சிவந்து வரும், இன்னொன்று ஆரஞ்சு அடிக்கும், ஒன்று கண்ணைக் கலக்கும், ஒன்று சப்பென்று கிடக்கும். எந்த வரத்திலும் ஒரே மாதிரி வருகிற பொருளில் செடி கொடுக்காத ஏதோ ஒன்று சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு கிண்ணம் தண்ணீரில் அந்தத் தூளைத் தூவினேன். தூள் அடியில் இறங்குவதற்கு முன்னால் சாயம் இறங்கியது. நான் சண்டை போடவில்லை. "இந்தத் தூள ஒங்க வீட்டுல சமைக்கிறிங்களா அண்ணே?" என்று மட்டும் கேட்டேன். அதற்கப்புறம் அவர் நம் கடைப் பக்கம் வண்டியை நிறுத்தவே இல்லை. என்னிடம் சரக்கு கொண்டுவருகிற எல்லாரிடமும் அந்த ஒரு கேள்வியைத்தான் இன்றைக்கும் கேட்கிறேன். பதில் சொல்லும்போது முகத்தைப் பார்ப்பேன். இதை மனதில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

தீபாவளிச் சரக்கெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு காலையில் அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீதான் காரை ஓட்டினாய். தாடையில் வலிக்கிறது, காற்று அடைத்திருக்கும் என்று அவர் இஞ்சித் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க வேர்வை. இஞ்சித் தண்ணீருக்கு நான் மயங்கவில்லை, அதனால் நேரத்தோடு சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அடைப்பை எடுத்து உள்ளே சின்னக் கம்பி வலை வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, அந்த முக்காடு போட்ட சின்ன வயசுப் பெண், ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ரத்தம் போகாத நேரத்தில் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருக்கிறது, அந்த இடம் ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், அதுவரைக்கும் உப்பைக் குறையுங்கள், கொடுத்த மாத்திரையை விடாதீர்கள், கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடவே போடாதீர்கள். முட்டி வலித்தால் பாரசிட்டமால், அதற்கு மேல் வேண்டுமென்றால் எங்களைக் கேளுங்கள் என்றார். அப்பா நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார். செம்பனைக் குலை லாரியில் கிளட்சை மிதித்தே தேய்ந்துபோன முட்டி அவருடையது. அந்தத் தலையாட்டலை நான் அன்றைக்கே நம்பவில்லை.

பிறகு உன் பரிசம் வந்தது. தட்டு மாற்றும்போது இரண்டு அப்பாக்களும் பாயில் சம்மணம் போட்டு எதிரெதிரே உட்கார வேண்டும். அது நம் வழக்கம். நாற்காலி போட்டுக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். அப்பா கேட்கவில்லை. அவரால் அப்போது கழிவறையில் கூடக் கம்பியைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியாது. ஆனால் பரிசத்தன்று மம்பாவில், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, மடக்கென்று பாயில் உட்கார்ந்தார், தட்டை வாங்கினார், யார் கையையும் பிடிக்காமல் எழுந்தார். எல்லாரும் கைதட்டாத குறை. நீ சிரித்தாய். சம்பந்தியும் நீயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். கல்யாண சந்தோஷம் என்று அதை அப்போது விட்டுவிட்டேன். நான் விட்ட இடம் அதுதான்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே அதிசயம். லாரி ஓட்டிய காலம் முழுக்கத் தைலம் தேய்த்தும் அசையாத வலி, சில நாளில் போன இடம் தெரியவில்லை. கீழே குந்தி மோட்டார் செயினுக்கு எண்ணெய் விட்டார். கோயில் படியை ஏறி இறங்கினார். பசி எடுத்துச் சாப்பிட்டார், கன்னம் உருண்டு பளபளவென்று ஆனது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் "அட்டேக் வந்த ஆளாட்டமே தெரியலையே" என்று மெச்சினார்கள். எனக்கு அந்தக் கன்னம் பிடிக்கவில்லை. ஒரு பொருள் திடீரென்று இவ்வளவு பளபளப்பாக ஆனால் அதை நான் ஜன்னல் வெளிச்சத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்க்கிறவள். பார்த்தேன். கணுக்காலில் சாக்ஸின் அச்சு குழியாக விழுந்திருந்தது. விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. அப்புறம் ஒரு தலையணை இரண்டானது, இரண்டு மூன்றானது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதை "புழுக்கம்" என்று சொன்னார்.

உப்பு என்று முடிவு கட்டினேன். வீட்டில் உப்பு என் கையில் இருக்கிறது, ஆகவே வெளியே தின்கிறார். ரொட்டிக் கடைக்காரரைக் கேட்டேன், தேத்தண்ணி மட்டும்தான் குடிக்கிறார் என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவர் சத்தியம் செய்ததாலேயே இன்னும் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். அடுத்தது ஆஸ்பத்திரி மாத்திரை. போன தடவை வெள்ளையாக இருந்த மாத்திரை இந்தத் தடவை ரோஸ் நிறத்தில் வந்திருந்தது. மருந்து கவுண்டரில் போய் நின்று, மலிவுச் சரக்கை மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள் என்று நான் போட்ட சத்தத்துக்கு வரிசையே திரும்பிப் பார்த்தது. அங்கிருந்த தமிழ்ப் பெண் பொறுமையாக இரண்டு பட்டையையும் பக்கத்தில் வைத்து, செய்கிறவர்கள்தான் வேறு, உள்ளே இருக்கும் மருந்தும் அளவும் ஒன்று என்று எழுத்தைக் காட்டினாள். வாயை மூடிக்கொண்டு வந்தேன். நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மாத்திரையை நிறுத்தவில்லை. அந்த மட்டிலும் புத்தி இருந்தது.

கடைசியில் ரேணுகா மேல் போய் விழுந்தேன். ரேணுகா, நீ படிக்கிறாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். வாரா வாரம் மாமாவுக்கென்று நீ அனுப்புகிற கேரியரில் நெத்திலி சம்பாலில் உப்பை அள்ளிக் கொட்டுகிறாய் என்று நினைத்தேன். வரப்போகிற மருமகள் சமையலால் மாமனாரை வளைக்கப் பார்க்கிறாள் என்றும் நினைத்தேன். கேரியரைத் திறக்காமலே திருப்பி அனுப்பினேன். தம்பி, அவள் உன்னிடம் இதைச் சொல்லவில்லை என்றால் அது அவள் பெருந்தன்மை. மறுநாளே வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்துவிட்டாள். சீரகம் நிறுத்துக்கொண்டிருந்த என் முன்னால் கேரியரை வைத்தாள்.

"அத்தை, கேரியரு தொறக்காமலே வந்துருச்சு. என் சமையல் புடிக்கலையா, என்னையே புடிக்கலையா? ரெண்டுல எதுன்னு சொல்லிட்டிங்கன்னா தேவலை."

மாமாவுக்குக் கால் வீங்குகிறது, உன் சம்பாலில் உப்பு அதிகம் என்றேன்.

"மாமாவுக்குன்னு உப்பே போடாம புளி ஊத்தித்தான் கிண்டுறேன். நெத்திலியகூட ஊறவச்சு அலசிட்டுத்தான் போடுறேன். நீங்க ருசி பாத்திங்களா?"

நான் ருசி பார்க்கவில்லை. மூட்டையைப் பிரிக்காமல் சரக்கைத் தள்ளுகிற வியாபாரி என்று யாராவது என்னைச் சொன்னால் சும்மா விடுவேனா? அவள் முன்னாலேயே மூடியைத் திறந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். புளிப்பு, காரம், அவ்வளவுதான். கொஞ்சம் வெல்லம் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும், அது வேறு பேச்சு. அவள் கோபம் தணிந்து, போகிற போக்கில் சொன்னாள்.

"எங்கப்பா குடுத்த கேப்சூலு மாமாவுக்கு முட்டிக்கு நல்லா கேக்குதாமே, ஒங்க மகன்தான் சொன்னாரு. அதுல ஏதும் உப்பு கிப்பு இருக்குமோ என்னமோ."

எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னாள். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரிந்தது. தராசில் சீரகத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

போத்தல் சாமி அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பின்னால் இருந்தது. நான் தேட மாட்டேன் என்று அவர் நம்பிய ஒரே இடம். டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாரே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மனிதர் துளிகூடத் தடுமாறவில்லை.

"மருந்து என்ன சாப்புடுறன்னுதானே கேட்டாங்க? இது மருந்து இல்ல லா, வேரு. வேரையெல்லாம் போயி டாக்டர்கிட்ட சொல்லிக்கிட்டு இருப்பாங்களா?"

கோபப்பட எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் நம் ஜனங்கள் அத்தனை பேரும் இப்படித்தான். ஆஸ்பத்திரியில் கொடுப்பது மருந்து. மலாய்க்காரர்களின் ஜாமுக் கஷாயம், லேகியம், தைலம், கேப்சூலில் அடைத்த வேர், இதெல்லாம் சாப்பாட்டோடு சேர்ந்தது. மருந்தைப் பற்றிக் கேட்டால் மருந்தை மட்டும் சொல்வோம். நம் கடைக்கு வருகிற தோட்டத்துப் பெண்களைக் கேட்டுப் பார், ஒருத்தியும் வேறு பதில் சொல்ல மாட்டாள். அப்பா பொய் சொல்லவில்லை. பொய்யென்றால் நான் கண்டுபிடித்திருப்பேன், இது பிடிபடாமல் போனதே உண்மையைச் சொன்னதால்தான்.

அப்புறம் மெதுவாகச் சொன்னார். பரிசத்துக்கு முன்னால் நீதான் கொண்டுவந்து கொடுத்தாய் என்றார். பாயில் உட்கார முடியாத சம்பந்தி என்று அவர்கள் ஆட்கள் பேசிவிடக் கூடாது, மணவறையிலும் உட்கார வேண்டும், அதற்காகத்தான் என்றார். "பையன் எனக்காக தேடிக் கொண்டாந்தான், அவன எதும் சொல்லாத" என்றார். சொல்லவில்லை தம்பி. இந்தக் கடிதத்திலும் அதைச் சொல்லப்போவதில்லை. அப்பாவின் முட்டியைப் பார்த்து மனசு கேட்காமல் செய்தாய். நானாக இருந்தாலும் சம்பந்தி கொடுக்கிறார் என்றால் வாங்கியிருப்பேன். ஆனால் ஒன்று, நான் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்திருப்பேன்.

பிரித்துப் பார்த்தேன். ஒரு கேப்சூலை வெள்ளைத் தாளில் கொட்டினேன். மஞ்சள் வாசம், இஞ்சி வாசம், ஏதோ வேரின் மண் வாசம் எல்லாம் இருந்தது. நாக்கு நுனியில் வைத்தபோது கடைசியாக ஒரு கசப்பு வந்தது. வேப்பிலைக் கசப்பு எனக்குத் தெரியும், வெந்தயக் கசப்பு தெரியும், சிறியாநங்கை தெரியும். இது எந்தச் செடியின் கசப்பும் இல்லை, மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் தொண்டையில் ஒட்டுமே, அந்த மாதிரி. போத்தலில் பதிவு எண் போட்டிருந்தார்கள். ஆனால் மற்ற மருந்துகளில் மினுமினுக்கிற ஸ்டிக்கர் இதில் மினுமினுக்கவில்லை, வெறும் அச்சு. இதையெல்லாம் விட எனக்கு உறுத்தியது அந்த வேகம். வேர் வேலை செய்தால் ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது, மெதுவாகத்தான் கேட்கும். இதை விழுங்கி ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வலி போகிறது. எந்தப் போத்தலிலிருந்து எடுத்தாலும் போகிறது. மிளகாய்த்தூள்காரரின் சிவப்புதான் எனக்கு ஞாபகம் வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. விற்கிறவருக்கும் தெரியாது என்பதுதான் என் பயம்.

போத்தலைச் சாக்கடையில் கொட்டிவிடத்தான் கை போனது. நல்லவேளை, அதற்கு முன்னால் அப்பாவையும் போத்தலையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் திட்டவில்லை. அப்பாவின் காலை அழுத்திப் பார்த்தார், முகத்தை உற்றுப் பார்த்தார், போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த மாதிரிப் போத்தல்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். வேர் என்று எழுதிய சிலவற்றுக்குள் வீக்கத்தையும் வலியையும் அடக்குகிற ஆங்கில மருந்தைக் கலந்து விடுகிறார்கள், சிலவற்றில் ஸ்டீராய்டும் இருக்கும், இதில் எது என்று சோதனைக்கு அனுப்பினால்தான் சொல்ல முடியும் என்றார். அப்புறம் அவர் மலாயில் சொன்னதை எனக்குப் புரிந்த தமிழில் எழுதுகிறேன்.

"ஆன்ட்டி, அங்கிளோட இதயத்துக்குள்ள ஒரு காயம் இருக்கு. வெளிய தெரியாது, அவ்வளவுதான். கையில வெட்டுப்பட்டா முதல்ல செவந்து வீங்குதுல்ல, அது ஒடம்பு சுத்தம் பண்ணுற வேலை. அந்த வேலை முடிஞ்சாத்தான் தழும்பு கட்டும்."

ரப்பர்ப் பால்மரத்தில் பட்டை திரும்பி வருகிற மாதிரி அந்தத் தசை திரும்ப வளருமா என்று கேட்டேன். என் அம்மா பால் எடுக்கப் பட்டை வெட்டிய மரங்களில், விட்டுவைத்தால் காயத்தின் மேல் புதுப் பட்டை மூடி வருவதை நான் பார்த்திருக்கிறேன். வளராது என்றார். செத்த தசை செத்ததுதான். அந்த இடத்தில் கெட்டியான தழும்பு உண்டாகி, மிச்சமுள்ள தசையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அது கட்டுகிற சமயத்தில் வீக்கத்தை அடக்குகிற மருந்தை மேலே மேலே போட்டால், தழும்பு மெல்லியதாகிவிடலாம், இதயத்தின் சுவர் இளைத்து விரியலாம் என்ற பயம் உண்டு. அது போக அந்த மருந்துகள் உடம்பில் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கும், ரத்த அழுத்தத்தைக் கூட்டும், மறுபடியும் அடைப்பு வர வழி செய்யும். ரேணுகா வெகுளியாகக் கேட்டாளே, அதுல உப்பு இருக்குமோ என்று. உப்பு உள்ளே இருக்க வேண்டியதில்லை. சாப்பிடுகிற உப்பை வெளியே விடாமல் பிடித்து வைத்தாலே போதும்.

டாக்டரம்மாவையும் நான் சும்மா விடவில்லை. வீக்கத்துக்கும் வலிக்கும் போடுகிற அஸ்பிரினை நீங்களே தினமும் கொடுக்கிறீர்களே, அது மட்டும் எப்படி நல்லது என்று கேட்டேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். நல்ல கேள்வி என்றார். அது மிகச் சின்ன அளவு, வலிக்காக இல்லை, ரத்தம் உறையாமல் கம்பி வலை திறந்திருப்பதற்காக. சில வலி மாத்திரைகள் அந்த அஸ்பிரினையே வேலை செய்ய விடாமல் தடுத்துவிடும் என்றார். வீக்கத்தைக் குறைக்கிற மருந்துகளிலேயே சில, சரியான ஆளுக்குச் சரியான அளவில், இதயத்துக்கு உதவுமா என்று பெரிய டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம், சிலருக்குக் கொடுக்கவும் செய்கிறார்களாம். ஆக வீக்கம் முழுக்க நல்லது, அதை அடக்கும் மருந்து முழுக்கக் கெட்டது என்று நானும் சொல்லித் திரியக் கூடாது. எது, யாருக்கு, எப்போது என்று தெரிந்தவர் கொடுக்க வேண்டும். பேர் தெரியாத ஒன்று பேர் தெரியாத அளவில் உள்ளே போகக் கூடாது, அவ்வளவே.

ஸ்கேனில் அப்பாவின் இதயம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது இருந்ததை விட இப்போது பலம் குறைந்துதான் ரத்தத்தைத் தள்ளுகிறது. அது கேப்சூலால்தானா என்று நேராகக் கேட்டேன். நீ போனில் சொன்னதைத்தான் அவரும் சொன்னார், மாரடைப்பின் பாதிப்பாகவும் இருக்கலாம், இதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று. ஆனால் இது உதவியிருக்க வாய்ப்பே இல்லை, கெடுத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு என்றார். அப்பாவைப் படுக்க வைத்துத் தண்ணீரை இறக்கினார்கள். கேப்சூலைச் சட்டென்று நிறுத்த விடவில்லை. உள்ளே ஸ்டீராய்ட் இருந்தால் திடீர் நிறுத்தம் உடம்பைக் கவிழ்த்துவிடும், அதற்கு வேறு மருந்து வைத்துப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டுமாம். சாக்கடையில் கொட்டாமல் வந்தேனே, அதுவே பெரிய காரியம். போத்தலை மருந்து கவுண்டரில் வாங்கிக்கொண்டார்கள், நான் சத்தம் போட்ட அதே பெண். சோதனை முடிவு இன்னும் வரவில்லை.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். நான் மம்பாவுக்குப் போய் உன் மாமனாரை விசாரணை செய்தேன் என்று கேள்விப்பட்டுத்தானே நீ போனை எடுப்பதில்லை? போனது உண்மை. சண்டை போடத்தான் போனேன். பின்னறைப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு போத்தலை அவர் மேசையில் வைத்து, எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "இத நீங்க சாப்புடுறிங்களா அண்ணே?" தடுமாறுவார், முகம் மாறும், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து, "என்னா சம்பந்தியம்மா இப்புடி கேட்டுப்புட்டிங்க, இது இல்லாம நான் கட்டில விட்டு எறங்குறதே இல்ல" என்று என் கண் முன்னாலேயே ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பக்கத்தில் அவர் வீட்டுக்காரம்மா, இந்த வயசில் இவருக்குப் புதுமாப்பிள்ளை மாதிரி கன்னம் வைத்துவிட்டது என்று கேலி பண்ணினார்.

அப்போதுதான் அந்தக் கன்னத்தைப் பார்த்தேன் தம்பி. அப்பாவின் கன்னம். அதே உருட்சி, அதே பளபளப்பு. குனிந்து பார்த்தேன், செருப்பு வார் புதைந்த தடம் காலில் குழியாக இருந்தது. ஏமாற்றுகிறவரைப் பிடிக்கப் போனவள் ஏமாந்தவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். என் கேள்வி இத்தனை காலத்தில் முதல் தடவையாக என்னைக் கைவிட்டது. தன் வீட்டில் சமைக்கிறவர் நல்ல சரக்குதான் விற்பார் என்பது என் நம்பிக்கை. நல்லெண்ணத்தோடு கெட்ட சரக்கை விற்கவும் முடியும், தானே தின்னவும் முடியும். இந்தக் கேப்சூலை அவருக்குக் கொண்டுவந்து கொடுக்கிற ஆள் யார், எங்கே செய்கிறார்கள் என்று கேட்டேன். ஒருத்தர் வேனில் கொண்டுவருகிறார், நல்ல மனுஷன் என்றார். அந்த நல்ல மனுஷனை நான் ஒரு நாள் பார்க்க வேண்டும். அவரிடம் கேட்டால் முகம் மாறும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ரேணுகா வாசல் வரைக்கும் வந்தாள். தன் அப்பாவின் காலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆக நான் சொல்வது இதுதான். பின்னறையில் உள்ள பெட்டிகள் பூட்டி இருக்கின்றன, சாவி என் இடுப்பில். திருப்பிக் கொடுக்க மாட்டேன், கொடுத்தால் வேறு கடைக்குப் போய்விடும். சோதனையில் வெறும் இஞ்சியும் வேரும்தான் என்று வந்தால், மம்பாவ் வாசலில் நின்று எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன், பெட்டியையும் நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். வேறு மாதிரி வந்தால் அவை போக வேண்டிய இடத்துக்கு, சுகாதார இலாகாவுக்குப் போகும். அதுவரைக்கும் பேக்டரி வேலையை விடாதே. நம் ஜனங்களின் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நெஞ்சு நோயாளியும் ஒரு முட்டிவலிக்காரரும் இருக்கிறார்கள், பல வீட்டில் இருவரும் ஒரே ஆள். அவர்கள் டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள் என்பது உனக்கும் எனக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்த பிறகு விற்றால், வேனில் வருகிற அந்த ஆளுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

அதை விட அவசரமான வேலை ஒன்று உனக்கு இருக்கிறது. உன் மாமனாரை அடுத்த வாரமே கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போ. நான் சொன்னால் அவர் வர மாட்டார், பொறாமையில் சொல்கிறேன் என்று நினைப்பார். மாப்பிள்ளை கூப்பிட்டால் வருவார். போத்தலை அவர் கையாலேயே எடுத்து வரட்டும். நீயாகப் பிடுங்கி எறிந்துவிடாதே, நிறுத்துவதை டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும். அங்கே என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும்போது அவர் வேரைச் சொல்லாமல் விடுவார். நீ பக்கத்தில் நின்று சொல். ரேணுகா, இவன் தயங்கினால் நீ சொல்.

கல்யாணத்தைப் பற்றி உனக்குப் பயம் வேண்டாம். இந்தப் பெண்ணை விட மாட்டேன். நேருக்கு நேர் கேரியரை வைத்துக் கேள்வி கேட்கிற மருமகள் எல்லாருக்கும் கிடைக்க மாட்டாள். மண்டபக்காரரிடம் பேசிவிட்டேன். மணவறைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன், பெண்ணின் அப்பாவுக்கு ஒன்று, பையனின் அப்பாவுக்கு ஒன்று, ஒரே உயரம். சொந்தக்காரர்கள் ஏதாவது பேசினால் என்னிடம் வந்து பேசட்டும். தட்டையும் தாம்பூலத்தையும் நாற்காலியில் உட்கார்ந்து வாங்கினாலும் கல்யாணம் செல்லும்.

அப்பாவுக்கு இப்போது தலையணை ஒன்றுதான். கன்னம் வற்றிக்கொண்டு வருகிறது, பழைய முகம் மெதுவாகத் தெரிகிறது. நேற்றுக் காலை கடையில் ஸ்டூலிலிருந்து எழுந்தவர், முட்டி இரண்டையும் பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்று முனகினார். பரிசத்துக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்காத சத்தம். உண்மையாக வலிக்கிறதா, வேறு எங்காவது ஒரு போத்தலை வைத்துக்கொண்டு எனக்காக நடிக்கிறாரா என்று அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை என்று நினைத்து, மறுபடியும் முட்டியைத் தடவிக்கொண்டு, முகத்தைச் சுளித்தார். வலிக்கத்தான் செய்கிறது. உள்ளே போய் ஒத்தடத்துக்கு வெந்நீர் வைத்தேன்.

போனை எடு.

அம்மா